கழக்கூட்டம் வரை வந்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை நாடகம் பார்க்கப் போயிருந்தேன். முழுசாகப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள்... பாதிதான் பார்த்தேன். மீதி நேரமெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்த என் சிநேகிதி கோமதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோமதிக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. கோட்டைக்குள் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தோம். கல்யாணமாகி இரண்டு பேரும் ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்தோம். இதைவிடப் பெரிய பொருத்தம் எங்கள் ஜாதகங்களில்கூடக் கிடையாது.

அவளுக்கு ஒரே பெண் - வித்யா. பிசிக்ஸில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, போபாலில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாள். நடிக்க இல்லை. லைட் போட! எந்தக் காட்சிக்கு எந்த வெளிச்சம், எங்கிருந்து, எவ்வளவு என்று தீர்மானிக்கிற வேலை. கோமதியின் கணவர் ராமசேஷன், சொந்தக்காரர்கள் கேட்டால், "எலக்ட்ரிகல் லைன்ல இருக்கா" என்பார். பொய் என்று சொல்ல முடியுமோ?

அந்தப் பெண் ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிறது. தீபாவளிக்கு வருகிறேன் என்பாள் - அன்றைக்குத்தான் எங்கேயோ ஷோ இருக்கும். விஷுவுக்கு என்பாள் - ரிகர்சல். வீடியோ காலில் வந்தாலும் ஏதாவது ஒரு மேடைக்குப் பின்னால் இருட்டில் நின்றுகொண்டுதான் பேசுவாள். "ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடறா. அவ மூஞ்சி மட்டும் எனக்குத் தெரியறதில்லை" என்று கோமதி அடிக்கடி சொல்லுவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். நானும் சிரிப்பேன். அவள் போனபிறகு எனக்குச் சிரிப்பு வராது.

இந்த நிலைமையில்தான் அந்தச் செய்தி வந்தது. மத்திய அரசு நடத்துகிற தேசியக் கலை விழா இந்த வருஷம் நம்ம ஊருக்கும் வருகிறது! அதில் வித்யாவின் குழுவுக்கும் ஒரு நாடகம். இடம், கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு ஹால். எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். குழுவுக்கு மூன்று நாள் தங்கல்.

கோமதியைப் பார்க்க வேண்டுமே... மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மெத்தையைப் பிரித்துப் புதுப் பஞ்சு போட்டாள். முதல் நாள் காலையில் என்ன, மத்தியானம் என்ன, ராத்திரி என்ன என்று தினமும் என்னிடம் வந்து சமைத்தாள் - வாயாலேயே. "எரிசேரி பண்ணினா போறுமோ? புளிசேரியும் வேணுமோ?" என்று ஆரம்பித்தால் என் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும்.

ராமசேஷன் மட்டும் பேப்பருக்குப் பின்னால் இருந்து, "வரட்டும், பாக்கலாம்" என்றார்.

அந்த மனுஷன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டாம்!

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வித்யாவிடமிருந்து மெசேஜ். ஹால் மாறிவிட்டது. ஊருக்கு வெளியே, ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற கழக்கூட்டத்தில் ஒரு காலேஜின் திறந்தவெளி அரங்கில் நாடகம். மூன்று நாள் தங்கல் கிடையாது. காலையில் ரயில் இறங்கி, பகலெல்லாம் லைட் கட்டி, சாயங்காலம் ஷோ முடித்து, அன்று ராத்திரியே கொச்சுவேளி ஸ்டேஷனில் அடுத்த ஊருக்கு ரயில் ஏற வேண்டும்.

கோமதி போனை என்னிடம் நீட்டினாள். "சரியாப் படிச்சுச் சொல்லு. எனக்குத்தான் தப்பாத் தெரியறதாக்கும்" என்றாள். நான் படித்தேன். தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

எனக்குக் கோபம் என்றால் கோபம்... உடனே அவளை இழுத்துக்கொண்டு விழா அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகம் என்றால் பாளையத்தில் ஒரு மாடியில் வாடகை அறை. ஆளுயரத்துக்குப் பேனர்கள் சுருட்டி வைத்திருந்தார்கள். உள்ளூர்ப் பொறுப்பாளர் என்று ஒரு பையன், பெயர் பிரசாந்த். எங்கள் தமிழைக் கேட்டதும் அவனும் தமிழுக்கு வந்தான். அம்மா தமிழ்நாட்டு எல்லையோரம் பாறசாலைக்காரியாம்.

"நான் எந்து செய்யும் சேச்சி? டெல்லியிலேர்ந்து ஃபண்ட் பாதிதான் வந்நு. ஹால் வாடகை, லாட்ஜ், ஊண்... ஒண்ணும் முடியாது. அந்தக் காலேஜ்காரங்க ஸ்டேஜ் ஃப்ரீயாயிட்டுத் தந்நு."

என் வயசுக்கு, அக்கா முறையில் சேச்சி என்று கூப்பிட்டதில் பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன்: "சரி, கோட்டையில இருக்கற ஜனங்க யாரு கழக்கூட்டம் வரைக்கும் போய் நாடகம் பாப்பா?"

"அதாணு சேச்சி ரீச்! ஐ.டி. ஆளுக, ஸ்டூடன்ட்ஸ்... புதிய ஆடியன்ஸ். ரிப்போர்ட்டில அதுக்குத்தான் மார்க்."

நானும் ஒரு சர்க்கார் ஆபீசில் ஆடிட் செக்‌ஷனில் குப்பை கொட்டி ரிடையர் ஆனவள்தான். ஃபண்ட் என்பது எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? கேட்கும்போது வராது. வரும்போது பாதி வரும். வந்தபிறகு, செலவழித்தாயா, காட்டு, படம் எங்கே, எத்தனை பேர் வந்தார்கள் என்று கழுத்தில் உட்காரும். பாவம், இந்தப் பையனை மட்டும் என்ன சொல்ல?

கோமதி இப்போது மெதுவாகக் கேட்டாள்: "அன்னிக்கு மத்தியானம் ஒரு வேளை எல்லாரையும் சாப்பிட எங்காத்துக்கு அனுப்ப முடியுமோ? குழு மொத்தமும் வரட்டும். நான் சமைச்சுப் போடறேன். உங்களுக்கும் ஒரு செலவு மிச்சம்."

பிரசாந்த் தலையைச் சொறிந்தான். "லைட் கட்டவே பகல் முழுக்க வேணும் அம்மா. வண்டியும் ஒண்ணுதான். ஸ்ரீகார்யம் டிராஃபிக் பிளாக்கில மாட்டினா தீர்ந்நு கதை."

சேச்சி போய் அம்மா ஆகிவிட்டது பாருங்கள். அவள் கேட்ட விதம் அப்படி.

கீழே இறங்கி வரும்போது ஒன்று தோன்றியது. டெல்லியிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் ஒரு விழாவைக் கொண்டுவர அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது. கழக்கூட்டத்திலிருந்து ஸ்ரீவராகம் வரைக்கும் கொண்டுவர இல்லை.

சரி, அவள் வராவிட்டால் நாம் போவோம் என்று முடிவாயிற்று. ராமசேஷன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "இத்தனை தூரம் வந்தவ, அப்பாவைப் பாக்க ஆத்துக்கு வரல்லை. நான் என்னதுக்குக் காலேஜ் காலேஜாப் போகணும்?" என்றார். கோமதிக்கு அன்றைக்கு வேறு கவலை - ராகுகாலம்!

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். ஷோவோ ஆறரைக்கு. நடுவில் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். நாலு மணிக்கே கிளம்பலாம் என்றால் என்னால் முடியாது. தண்ணீர் டேங்க் ஒழுகி, பிளம்பர் நாலரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பிளம்பரை விட்டால் அப்புறம் பிடிக்க முடியுமோ?

"அப்போ பரஸ்தானம் வெச்சுடறேன்" என்றாள் கோமதி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல நேரத்திலேயே நம் பையைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ராகுகாலத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. காசி, ராமேஸ்வரம் போகிறவர்கள் செய்வார்கள். சிட்டி பஸ்ஸில் கழக்கூட்டம் போவதற்குப் பரஸ்தானம் வைத்த முதல் பெண்மணி எங்கள் கோமதியாகத்தான் இருக்க வேண்டும்.

நாலு மணிக்கு வந்து என் வீட்டுக் கூடத்தில் ஒரு துணிப்பையை வைத்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வாழையிலையில் கட்டி. ராத்திரி ரயிலில் குழு மொத்தமும் சாப்பிடுவதற்கு. கூடவே வித்யாவுக்கு மட்டும் என்று ஒரு சின்னச் சம்புடத்தில் உண்ணியப்பம். வைத்துவிட்டு வெளியே போனாள்.

பிளம்பர் வரவில்லை. வருவான் வருவான் என்று நான் மொட்டை மாடியில் டேங்க் பக்கத்திலேயே நின்றதுதான் மிச்சம். ஐந்து மணியாகப் போகிறது என்றதும் ஓட்டமாகக் கீழே வந்து, கதவைப் பூட்டி, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ராமசேஷன் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டிருந்தார். வரமாட்டேன் என்றவர்! பஸ் தயாராக நின்றது. ஏறினோம்.

கேசவதாசபுரம் தாண்டியதும் கோமதி கேட்டாள்: "பையை இப்படிக் குடேன், மடியில வெச்சுக்கறேன்."

"எந்தப் பை?"

"எந்தப் பையா? உங்காத்துல வெச்ச பை!"

"நீ வந்து எடுத்துண்டு போயிருப்பேன்னு நினைச்சேன். நான் மாடியிலன்னா இருந்தேன்!"

"உங்காத்துல இருக்கற பையை நீதானேடி எடுத்துண்டு வருவே?"

பஸ்ஸில் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கிப் போய் எடுத்து வரலாம் என்றால் ஸ்ரீகார்யத்தில் வண்டிகள் ஏற்கெனவே அடைத்துக்கொண்டு நின்றன. கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெறுங்கையோடு பெண்ணைப் பார்க்கப் போகிறோமே என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாதா? என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. அந்தப் பிளம்பர் மேல் இன்னும் அதிகமாக.

காலேஜ் வாசலில் செக்யூரிட்டி போனில் பாஸ் கேட்டான். பிரசாந்த் ஓடி வந்து உள்ளே அழைத்துப் போனான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் காரணம் புரிந்தது. நாற்காலிகள் வரிசை வரிசையாக, வெள்ளை உறை போட்டு... காலி. அங்கங்கே பின்னால் கொஞ்சம் பேர். ஐ.டி. ஆளுகள், புதிய ஆடியன்ஸ் எல்லாம் எங்கே? வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஸ் பிடித்து அவரவர் ஊருக்குப் போயாயிற்று! ஞாயிற்றுக்கிழமை கழக்கூட்டத்தில் யார் இருப்பார்கள்? அதை டெல்லிக்கு யார் சொல்வது?

நல்ல தியேட்டர் என்றால் லைட் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கேபின் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார்கள். யார் கண்ணிலும் படமாட்டார்கள். இது வெறும் காலேஜ் மேடை. அதனால் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேஜையைப் போட்டு, அதன்மேல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற லைட் போர்டை வைத்திருந்தார்கள்.

மேஜைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஏணி. ஏணி உச்சியில் கறுப்பு டி-ஷர்ட், கட்டையாக வெட்டின தலைமயிர், வாயில் ஒரு டார்ச்.

"ஐயோ, அவளை இறங்கச் சொல்லு!" - பெண்ணைப் பார்த்ததும் கோமதியின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

வித்யா இறங்கி வந்தாள். கையெல்லாம் கரி. அம்மாவைக் கட்டிக்கொள்ளக் கையைத் தூக்கியவள், புடவையைப் பார்த்துக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். "இன்னும் பாதி லைட் செட் ஆகல்லைம்மா. ஷோ முடிஞ்சதும் பேசலாம், சரியா? மாமி, பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு, யாரோ ஹிந்தியில் கூப்பிட, மறுபடி ஏணியில் ஏறிவிட்டாள். இவ்வளவுதான். இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தது.

கோமதி சுற்றிலும் பார்த்தாள். லைட் மேஜைக்கு முன்னால், கடைசி வரிசையில், கை நீட்டினால் மேஜையைத் தொடுகிற மாதிரி ஒரு நாற்காலி. அதில் போய் உட்கார்ந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்போதுதான் பிரசாந்த் வந்தான். "எல்லாரும் முன்னால வந்து இரிக்கணும். ப்ளீஸ். ஃபோட்டோ எடுக்கணும்."

எல்லாரும் எழுந்து போனார்கள். கோமதி எழவில்லை.

"நான் இங்கேயே இருக்கேன்" என்றாள்.

"அம்மா, ஃபுல் ஹவுஸ் காணிக்கணும். முன் வரிசை காலியாயிட்டு ஃபோட்டோ போனா, அடுத்த வருஷம் நம்ம ஊருக்கு ஃபண்டே கிட்டாது. வேற ஸ்டேட்டுக்குக் குடுத்துடும்." பையன் நிஜமாகவே கெஞ்சினான்.

"அடுத்த வருஷம் இவா திருப்பி வருவாளோ?" என்று கோமதி கேட்டாள்.

"விழா வந்தா வரலாம் அம்மா. விழாவே இல்லெங்கில்...?"

கோமதி மேஜையைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். இன்றைக்குப் பக்கத்தில் உட்காருவதா, இல்லை அடுத்த வருஷமும் வரட்டும் என்று தூரமாகப் போய் உட்காருவதா? ஒரு தாயிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எந்த அரசாங்கத்துக்கு உரிமை இருக்கிறது?

அவள் எழுந்தாள். படி இறங்கி முன் வரிசைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். முதல் வரிசை, நட்ட நடு நாற்காலி. மேடைக்கு அவ்வளவு பக்கத்தில் நான் ஜன்மத்தில் உட்கார்ந்ததில்லை.

விளக்கெல்லாம் அணைந்தது. மேடையில் ஒரு மூலையிலிருந்து விடிகாலை மாதிரி வெளிச்சம் பரவியது. நாடகம் ஹிந்தியில். அழகாகத்தான் நடித்தார்கள். ஒரு கிழவர் வந்து என்னவோ அழுதார். நான் பக்கத்தில் திரும்பினால்...

கோமதி திரும்பி உட்கார்ந்திருந்தாள்! நாற்காலியில் ஒருக்களித்து, முதுகுச் சாய்மானத்தில் கையை ஊன்றி, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மேடையில் யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள் என்று அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. எல்லா வரிசைகளையும் தாண்டி, மேலே, அந்த லைட் மேஜையில் எரிந்த குட்டி விளக்கையும், அது காட்டின ஒரு முகவாய்க்கட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நடிக்கறவா என்ன நினைச்சுப்பா? திரும்பேன்" என்று முழங்கையால் இடித்தேன். திரும்பவில்லை. மேடை ஓரத்தில் நின்று ஃபோட்டோகிராபர் எங்களைப் பார்த்துப் பளிச் பளிச்சென்று எடுத்துக்கொண்டிருந்தான். அவனையும் அவள் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எங்கள் மேல் லேசாக மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. இந்தக் காலத்து நாடகமாயிற்றே, பார்க்கிறவர்களையும் கதையில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். மேடையில் பகல் போய் ராத்திரி வந்தது, மழை பெய்தது, நிலா வந்தது. எங்கள் மேல் விழுந்த வெளிச்சம் மட்டும் கடைசி வரைக்கும் போகவேயில்லை.

முடிந்ததும் பிரசாந்த் கேமராவைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். "எல்லா முகமும் கிட்டி சேச்சி. நட்ட நடுவில ஒரு கொண்டை மட்டும்!"

வித்யா ஓடி வந்தாள். குழு சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான்.

"நாடகம் எப்படிம்மா இருந்தது?"

"எப்போ கண்ணாடி போட்டுண்டே நீ? சொல்லவே இல்லியே?" என்றாள் கோமதி.

"நீ நாடகமே பாக்கல்லை."

"யார் சொன்னா?"

"நான்தான் பாத்துண்டிருந்தேனே! டைரக்டர் ஹெட்போன்ல திட்டிண்டே இருந்தார், முன் வரிசையில லைட் சிந்தறதுன்னு. சரி பண்றேன், சரி பண்றேன்னு சொன்னேன். பண்ணல்லை." வித்யா கண்ணாடியைக் கழற்றி டி-ஷர்ட்டில் துடைத்தாள். "நீ இருட்டுல உக்காந்தா எனக்கு எப்படிம்மா தெரியும்?"

நான் மேடையைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாடகம் முடிந்த மேடையில் என்ன இருக்கிறது பார்க்க?

கோமதிக்கு அப்போதுதான் பை ஞாபகம் வந்து அழுகை வந்தது. இட்லி, உண்ணியப்பம், பரஸ்தானம், பிளம்பர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னாள். வித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்போ பை இன்னும் மாமி ஆத்துலதான் இருக்கா? நீ இன்னும் பிரயாணத்துலதான் இருக்கேன்னு அர்த்தம். நேரே போபாலுக்கு வந்துடு" என்றாள்.

வண்டி ஹாரன் அடித்தது. இந்தத் தடவை வித்யா புடவையையும் பார்க்கவில்லை, கரியையும் பார்க்கவில்லை. கட்டிக்கொண்டாள். கோமதியின் முதுகில் இரண்டு கறுப்புக் கைகள் பதிந்தன. அவள் ஓடிப்போய் ஏறியதும் வண்டி கிளம்பிவிட்டது.

ரீச் ரீச் என்கிறார்களே... ஒரு விழா எத்தனை பேரைத் தொட்டது என்று எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணட்டும், அது அவர்கள் வேலை. ஆனால் ஒரு வீட்டு வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து, எவ்வளவு தூரத்தில் நின்றுவிட்டுப் போனது என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் நான் சொல்லுவேன். மூன்று நாள் தங்க விட்டிருந்தால், சுண்ணாம்பு அடித்த அந்த மாடி அறையில் ஒரு பெண் ஒரு ராத்திரி தூங்கியிருப்பாள். எங்கள் தெருவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ் காலியாக இருந்தது. கோமதி ஜன்னல் சீட்டில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். புடவையில் பட்ட கரி அழிந்துவிடுமாம்.

கிழக்கேகோட்டையில் இறங்கினால், டீக்கடை ஓரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ராமசேஷன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ... எங்களைப் பார்த்ததும் இப்போதுதான் வந்தவர்போல ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பெண்ணைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு, "என்ன கதையாம் நாடகம்?" என்று மட்டும் கேட்டார்.

கோமதி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"கதையெல்லாம் தெரியாது. வெளிச்சம் நன்னா இருந்தது."